முதியோருக்கு வாரம் இரண்டு மணி நேரம்: தமிழ்நாட்டின் பொது நூலகர்களுக்கு ஒரு திறந்த மடல்



கடந்த இருபது ஆண்டுகளில் அரசு அலுவலகங்களும் வங்கிகளும் தங்கள் வேலைகளை ஒவ்வொன்றாகக் கணினிக்கும் கைப்பேசிக்கும் மாற்றிவிட்டன. பட்டா, வில்லங்கச் சான்று, குடும்ப அட்டைத் திருத்தம், மின்கட்டணம், ரயில் பயணச்சீட்டு, ஓய்வூதியர் உயிரோடு இருப்பதை ஆண்டுதோறும் உறுதிசெய்யும் உயிர்வாழ் சான்று என்று அன்றாட வாழ்வின் பெரும்பகுதி இன்று இணையத்தின் வழியே நடைபெறுகிறது. பள்ளியிலும் கல்லூரியிலும் கணினியோடு வளர்ந்த இளையோருக்கு இம்மாற்றம் நேரத்தை மிச்சப்படுத்தியது. அறுபது வயதைக் கடந்தவர்களுக்கோ, யாரும் கற்றுக்கொடுக்காத ஒன்று ஒருநாள் திடீரென்று கட்டாயமாகிப் போனது. கற்பிக்காமலேயே தேர்வு வைப்பது எந்தப் பள்ளியிலும் அநீதியாகக் கருதப்படுமெனில், ஒரு தலைமுறை முழுவதற்கும் அதையே செய்வது அதனினும் பெரிய அநீதி. அந்த அநீதியைக் களையும் இடத்தில் நீங்கள் இருப்பதனாலேயே இம்மடல் உங்களுக்கு எழுதப்படுகிறது.

முதியோர் உங்களுக்கு அயலார் அல்லர். நாளிதழ்ப் பிரிவின் இருக்கைகளைக் காலையிலேயே நிரப்புபவர்களும், வாசகர் வட்டக் கூட்டங்களுக்குத் தவறாமல் வருபவர்களும், புரவலராகச் சேர்ந்து நூலகத்துக்குத் தம்மால் இயன்றதைக் கொடுப்பவர்களும் பெரும்பாலும் அவர்களே என்பதை நீங்கள் நாள்தோறும் காண்கிறீர்கள். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போதே தமிழ்நாட்டில் பத்துப் பேரில் ஒருவருக்கு மேல் அறுபது வயதை எட்டியிருந்தார்கள். மாநிலங்களுள் கேரளம் போன்ற மிகச் சிலவே இவ்வளவு விரைவாக மூப்படைந்து வருகின்றன. எனவே உங்கள் வாசகர்களில் முதியோரின் பங்கு இனி ஆண்டுதோறும் கூடுமே தவிரக் குறையப் போவதில்லை.

இத்தலைமுறையினரில் ஒரு பகுதியினருக்கு நேர்ந்திருப்பதை நீங்கள் தனியே எண்ணிப் பார்க்க வேண்டும். 1991ஆம் ஆண்டு புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, ஆயிரக்கணக்கான தொண்டர்கள் ஊதியம் எதுவும் பெறாமல் தெருவிளக்கின் கீழும் திண்ணையிலும் அமர்ந்து கிராமப்புறப் பெண்களுக்கு எழுத்தறிவித்தார்கள். அன்று முப்பது வயதில் கைநாட்டை விட்டுக் கையெழுத்துக்கு மாறிய பெண் இன்று அறுபதைக் கடந்திருப்பார். விண்ணப்பத்தைத் தாமே படித்துத் தாமே ஒப்பமிடும் நிலைக்கு உழைத்து உயர்ந்த அவர், விண்ணப்பம் திரைக்கு மாறியதும் மீண்டும் பிறர் கையை எதிர்பார்த்து நிற்பவராக ஆக்கப்பட்டிருக்கிறார். ஒருமுறை எழுத்தறிவித்த சமுதாயம், எழுத்தறிவின் பொருள் மாறியபோது தன் கடமை முடிந்துவிட்டதாகக் கருதி ஒதுங்கியிருப்பது ஏற்கத்தக்கதன்று.

இ-சேவை மையங்கள் இருக்கும்போது கற்பிக்க வேண்டிய தேவை என்ன என்ற கேள்வி எழலாம். அம்மையங்கள் செய்யும் உதவி பெரிது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஒருவருக்காக ஒரு வேலையைச் செய்து தருவதும், அவ்வேலையைச் செய்ய அவருக்கே கற்றுத்தருவதும் வெவ்வேறானவை. செய்து தரும் இடத்தில் முதியவர் ஒவ்வொரு முறையும் கட்டணம் செலுத்துகிறார். ஆதார் எண், வங்கிக் கணக்கு, கடவுச்சொல் எனத் தம் அந்தரங்கம் முழுவதையும் அறிமுகமில்லாத ஒருவர் முன் திறந்து வைக்கிறார். வேலை முடிந்து திரும்பும்போது, தம் பெயரில் எந்தப் பக்கத்தில் எது பதிவாயிற்று என்பதை அறியாமலேயே திரும்புகிறார். வீட்டில் மகனோ பேத்தியோ செய்து தருவதாக இருப்பினும், அவர்களுக்கு ஓய்வு கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டியிருப்பதும், ஒரே ஐயத்தை இரண்டாம் முறை கேட்கும்போது அவர்களின் குரலில் ஏறும் சலிப்பைத் தாங்க வேண்டியிருப்பதும் பல முதியோரைக் கேட்பதையே நிறுத்திவிடச் செய்கின்றன. உழைத்து, குடும்பம் நடத்தி, ஊர்ப் பொறுப்புகளைச் சுமந்து வாழ்ந்தவர்கள் தம் சொந்தப் பணத்தின் இருப்பைப் பார்ப்பதற்கும் இன்னொருவரின் மனநிலையை நம்பியிருப்பது அவர்களது தன்மதிப்பைக் குலைக்கிறது.

இந்தச் சார்பு நிலை ஆபத்தானதும் ஆகும். ஒருமுறைக் கடவுச்சொல், அதாவது பணப் பரிமாற்றத்தை உறுதிசெய்யக் கைப்பேசிக்கு வந்து சில நிமிடங்களில் செல்லாததாகிவிடும் எண், எதற்காக அனுப்பப்படுகிறது என்பதை அறியாதவர், வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லும் எவரிடமும் அதைப் படித்துக் காட்டிவிடுகிறார். காவல் அதிகாரி போல உடையணிந்து காணொளி அழைப்பில் தோன்றி, வழக்குப் பதிவாகியிருப்பதாக மிரட்டி, வீட்டை விட்டு நகராமல் மணிக்கணக்கில் திரைமுன் உட்காரவைத்துச் சேமிப்பைப் பறிக்கும் மோசடி ‘டிஜிட்டல் கைது’ எனப்படுகிறது. இந்தியச் சட்டத்தில் அப்படியொரு கைது முறையே இல்லை என்ற ஒற்றைச் செய்தியை முன்னமே அறிந்திருந்தால், அழைப்பைத் துண்டிக்கும் துணிவு ஒருவருக்கு வந்துவிடும். பணம் பறிபோன உடனே 1930 என்ற எண்ணை அழைத்தால், அத்தொகை மோசடிக்காரர்களின் அடுத்தடுத்த கணக்குகளுக்குக் கைமாறுவதற்கு முன் முடக்கப்பட வாய்ப்புண்டு என்பதும் முதியோர் பலரைச் சென்றடையாத செய்தியாகவே இருக்கிறது. சுவரொட்டியில் அச்சிடப்படும் எச்சரிக்கை படித்தவுடன் மறந்துபோகும். கருவியைக் கையில் வைத்து, நம்பிக்கைக்குரிய ஒருவர் பக்கத்தில் அமர்ந்து சொல்லித் தருவதே நிலைக்கும்.

அரசின் பயிற்சித் திட்டங்கள் இவ்வேலையைச் செய்திருக்கலாம். கிராமப்புறக் குடும்பம் ஒவ்வொன்றிலும் ஒருவருக்கு 20 மணி நேரக் கணினிப் பயிற்சி அளிப்பதற்காக ஒன்றிய அரசு 2017ஆம் ஆண்டு தொடங்கிய டிஜிட்டல் எழுத்தறிவுத் திட்டம், 6 கோடிக் குடும்பங்களைத் தன் இலக்காகக் கொண்டிருந்தது. ஆனால் அதில் சேர்வதற்கான வயது வரம்பு 14 முதல் 60 வரை என வகுக்கப்பட்டதால், பயிற்சி யாருக்கு மிகவும் தேவைப்பட்டதோ அவர்கள் வாசலிலேயே நிறுத்தப்பட்டார்கள். வேலைவாய்ப்பை முன்னிறுத்தும் திட்டங்கள் முதியோரைப் பயனற்ற முதலீடாகக் கருதுவது இயல்பாகிவிட்ட நிலையில், வயதைக் கேட்காமல் கதவைத் திறக்கும் பொது நிறுவனம் ஒன்றே ஒன்றுதான் எஞ்சுகிறது. அது உங்கள் நூலகம்.

நூலகமே இதற்கு உரிய இடம் என்பதற்கு வலுவான காரணங்கள் இருக்கின்றன. அங்கே நுழையக் கட்டணம் இல்லை. எதையும் வாங்க வேண்டிய கட்டாயமும் இல்லை. மதிப்பெண், தேர்ச்சி, தோல்வி என்ற அச்சமும் இல்லை. விடுதலை பெற்ற இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் பொது நூலகச் சட்டம் 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டமே. அச்சட்டத்தின்படி உள்ளாட்சி அமைப்புகள் சொத்து வரியோடு சேர்த்து வசூலிக்கும் நூலக வரி, இன்றைய முதியோர் பல பத்தாண்டுகளாகச் செலுத்தி வந்திருக்கும் வரியாகும். ஆகவே அவர்கள் உங்களிடம் கேட்பது சலுகை அன்று. ஏற்கெனவே விலை கொடுத்துவிட்ட ஓர் உரிமை. யுனெஸ்கோவின் பொது நூலக அறிக்கையும், 1994ஆம் ஆண்டிலேயே, வயது உள்ளிட்ட எந்த வேறுபாடும் இன்றி அனைவருக்கும் சமமான சேவை வழங்கப்பட வேண்டும் என்று வலியுறுத்தியிருக்கிறது.

சீர்காழியில் பிறந்த சீ. இரா. அரங்கநாதன் 1931ஆம் ஆண்டு வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளை உங்கள் பட்டயப் படிப்பின் முதல் பாடமாகப் படித்திருப்பீர்கள். அவற்றுள் இறுதி விதி நூலகத்தை வளர்ந்துகொண்டே இருக்கும் உயிரியாகக் காண்கிறது. வாசகர் வர இயலாவிடில் நூல் அவரைத் தேடிச் செல்ல வேண்டும் என்ற எண்ணத்தின் விளைவாக, அதே 1931இல் மன்னார்குடி வட்டாரத்தில் மாட்டுவண்டியில் நூல்கள் ஊர் ஊராக எடுத்துச் செல்லப்பட்டன. நூலுக்கும் வாசகருக்கும் இடையே நின்ற தடை அன்று தொலைவாக இருந்தது; அதை வண்டி கடந்தது. இன்று தடையாக நிற்பது திரை; அதைக் கடக்கக் கற்பித்தல் தேவைப்படுகிறது. கணினி கற்பிப்பது நூலகரின் வேலையா என்று கேட்போருக்கு இவ்வரலாறே போதிய விடையாகும்.

முதுமையில் புதிதாக எதையும் கற்க இயலாது என்ற கருத்தைக் கேரளம் பொய்யாக்கிவிட்டது. திருவனந்தபுரம் மாவட்டத்தின் புல்லம்பாறை என்னும் ஒரே ஊராட்சியில் தொடங்கிய முயற்சி மாநிலம் முழுவதும் விரிவுபடுத்தப்பட்டு, 2025 ஆகஸ்டில் கேரளம் முழுமையான டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற மாநிலமாக அறிவிக்கப்பட்டது. தொண்டர்கள் வீடு தேடிச் சென்றும் பொது இடங்களில் கூட்டியும் கற்பித்த அத்திட்டத்தில் நூறு வயதைக் கடந்தவரும் பயின்றார். சிங்கப்பூரில் 2020ஆம் ஆண்டு முதியோருக்கெனத் தொடங்கப்பட்ட டிஜிட்டல் திறன் இயக்கம், சமூக மன்றங்களிலும் பொது நூலகங்களிலும் ஒருவருக்கு ஒருவர் என்ற முறையில் உதவியாளர்களை அமர்த்தியது. அதன் பாடக் கையேடுகள் அந்நாட்டின் ஆட்சிமொழிகளுள் ஒன்றான தமிழிலும் கிடைக்கின்றன. சிங்கப்பூரின் தமிழ் மூதாட்டிக்குக் கைகூடுவது தஞ்சாவூரிலோ தருமபுரியிலோ வாழும் மூதாட்டிக்குக் கைகூடாமல் போவதற்குக் காரணம் எதுவும் இல்லை.

கற்பிக்கும் முறை குறித்துச் சிலவற்றை உங்கள் கவனத்துக்குக் கொண்டுவருவது அவசியம். முதியோருக்குப் பாடம் புரியாமல் போவதைவிட, உடல் ஒத்துழைக்காமல் போவதே பெரும்பாலும் நிகழ்கிறது. வெள்ளெழுத்து வந்த கண்ணுக்குத் திரையின் சிற்றெழுத்து தெரியாது. ஆகவே எழுத்தின் அளவைப் பெரிதாக்குவதே முதல் பாடமாக இருக்க வேண்டும். வறண்ட விரலின் தொடுதலைத் தொடுதிரை சில வேளைகளில் உணர்வதில்லை; நடுங்கும் விரல் சற்றுக் கூடுதல் நேரம் திரையில் நின்றால், அத்தொடுதல் நீண்ட அழுத்தமாக எடுத்துக்கொள்ளப்பட்டு எதிர்பாராத பட்டியல் ஒன்று விரியும். சுட்டியை, அதாவது திரையில் அம்புக்குறியை நகர்த்தும் மவுஸை, விரைவாக இருமுறை சொடுக்குவது மூட்டுவலி உடையவருக்குக் கடினம் என்பதால், ஒருமுறை சொடுக்கி எண்டர் விசையை அழுத்தும் மாற்றுவழியைக் காட்டலாம். இவற்றை முன்கூட்டியே சொல்லிவிட்டால், தவறு தம்முடையது என்று முதியவர் கூசிப் பின்வாங்க மாட்டார்.

எல்லாவற்றிலும் முதன்மையான விதி, கற்பிப்பவரின் கை கற்பவரின் கருவியைத் தொடக் கூடாது என்பதாகும். பின்னிருக்கையில் அமர்ந்து சென்றவர் எவரும் மிதிவண்டி ஓட்டக் கற்றதில்லை. வாங்கிச் செய்து கொடுத்துவிட்டால் ஒரு நிமிடத்தில் முடிவது, அவரே செய்யும்போது பதினைந்து நிமிடம் ஆகலாம். அந்தப் பதினைந்து நிமிடத்தில்தான் கல்வி நிகழ்கிறது. ஒரு வகுப்புக்கு ஒரே ஒரு செயல் போதும். அதையே மூன்று முறை செய்யவைத்து, அடுத்த வாரம் அதிலிருந்தே தொடங்க வேண்டும். படிகளைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுத்தால், வீட்டுக்குச் சென்றபின் நினைவு தடுமாறும்போது அத்தாள் துணைநிற்கும். முதியவர்களை அவரவர் கைப்பேசியிலேயே பழக்குவதும் இன்றியமையாதது. நூலகத்தின் கணினியில் கற்ற பாதை, வீட்டிலிருக்கும் கருவியில் வேறாகத் தோன்றினால் கற்றது பயன்படாமல் போகும்.

பாடத்திட்டத்தை அவர்களது தேவையே தீர்மானிக்கட்டும். கருவியை இயக்குதல், எழுத்தைப் பெரிதாக்குதல், உலாவி எனப்படும் இணையப் பக்கங்களைக் காட்டும் செயலியைத் திறத்தல், அரசுத் தளங்களின் உண்மையான முகவரியையும் போலி முகவரியையும் வேறுபடுத்துதல், பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் தாமே பார்த்தல், வலுவான கடவுச்சொல் அமைத்தல், பொதுக் கணினியில் வேலை முடிந்ததும் கணக்கிலிருந்து மறவாமல் வெளியேறுதல், ஏமாற்று அழைப்பை அடையாளம் காணுதல் என்ற வரிசை பெரும்பாலோருக்குப் பொருந்தும். 2014ஆம் ஆண்டு அறிமுகமான ஜீவன் பிரமாண் என்னும் மின்னணு உயிர்வாழ் சான்றை இப்போது திறன்பேசியின் ஒளிப்படக் கருவியில் முகத்தைக் காட்டியே பெற இயலும் என்பதால், ஓய்வூதியர்களுக்கு அதைத் தனி வகுப்பாகவே நடத்தலாம்.

தமிழில் தட்டச்சு செய்யக் கற்பிப்பதை விட்டுவிடாதீர்கள். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு ஏற்ற ‘தமிழ்99’ விசைப்பலகையில், உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கமும் அமைந்து, இரண்டும் சேரும்போது உயிர்மெய் பிறக்கிறது. அரிச்சுவடியில் கற்ற முறையே விசைப்பலகையிலும் தொடர்வதால், ஆங்கிலம் அறியாத முதியவருக்கும் அது அந்நியமாக இராது. அதன்பின், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தையும், 1998ஆம் ஆண்டு முதல் தன்னார்வலர்கள் தமிழ் இலக்கியங்களை மின்பதிப்பாக்கி வரும் மதுரைத் திட்டத்தையும் அவர்களுக்குத் திறந்து காட்டுங்கள். இளமையில் படித்து, பின்னர் எங்கும் கிடைக்காமல் போன ஒரு நூலைத் திரையில் தாமே தேடிக் கண்டடையும் முதியவருக்கு, கணினி என்பது அச்சுறுத்தும் கருவி என்ற நிலை மாறும். வேறெந்தப் பயிற்சி மையத்தாலும் தர முடியாத, நூலகரால் மட்டுமே தரக்கூடிய பாடம் இது.

உங்கள் நிலைமை அறியப்படாமல் இக்கோரிக்கை வைக்கப்படவில்லை. பல கிளைகளில் ஒருவரே நூலகராகவும் உதவியாளராகவும் கணக்கராகவும் இருக்க வேண்டியிருக்கிறது. ஊர்ப்புற நூலகர்களின் ஊதியம் அவர்களின் உழைப்புக்கு ஈடாக இல்லை. கணினி இருக்கும் இடத்தில் இணையம் இல்லாமலும், இணையம் இருக்கும் இடத்தில் பழுதான கணினியை மாற்ற ஆளில்லாமலும் இருக்கிறது. இக்குறைகளைத் தீர்க்க வேண்டியது அரசின் பொறுப்பு. அதற்காக நீங்கள் எழுப்பும் குரலோடு உங்கள் முதிய வாசகர்களும் சேர்ந்து நிற்க வேண்டும். எனினும், அனைத்தும் சீராகும் வரை காத்திருக்கும் அளவுக்கு அவர்களுக்குக் காலம் இல்லை என்பதை மறந்துவிடலாகாது. ஒரு மேசை, ஐந்தாறு நாற்காலிகள், கற்க வருபவரின் சொந்தக் கைப்பேசி ஆகியவை இருந்தாலே தொடங்கிவிடலாம். கற்பிக்கும் பணி முழுவதையும் நீங்களே சுமக்க வேண்டியதும் இல்லை. வாசகர் வட்டத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் வங்கி ஊழியர்களும் இருக்கிறார்கள். அருகிலுள்ள கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் இருக்கிறார்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்க நாள் முழுவதும் உங்கள் நூலகத்திலேயே அமர்ந்திருக்கும் இளைஞர்களிடம் வாரத்துக்கு ஒரு மணி நேரம் கேட்டால் மறுக்க மாட்டார்கள். இவர்கள் யாராயினும், கற்பவரின் கடவுச்சொல்லையோ ரகசிய எண்ணையோ கேட்பதும் பார்ப்பதும் கூடாது என்ற விதியை நீங்கள் எழுதி ஒட்டி, கண்டிப்புடன் காக்க வேண்டும்.

பெண்களைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். நூலகத்துக்கு வரும் முதியோரில் பெரும்பான்மையர் ஆண்கள். மூதாட்டிகள் வருவது அரிது. விதவை ஓய்வூதியத்துக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் வங்கிக் கணக்கை நம்பியிருப்பவர்கள் அவர்களே என்பதால், அறிவிப்புப் பலகையில் எழுதி வைத்துவிட்டு அவர்கள் வருவார்கள் என்று காத்திருப்பது பயன் தராது. மகளிர் சுய உதவிக் குழுக்களின் வழியாக அவர்களை நேரில் அழைப்பதும், வீட்டு வேலை சற்று ஓயும் பிற்பகல் நேரத்தில் அவர்களுக்கெனத் தனி அமர்வு வைப்பதும், கற்பிப்பவராகப் பெண் ஒருவரை அமர்த்துவதும் அவர்களது தயக்கத்தைப் போக்கும்.

ஆகவே, தமிழ்நாட்டின் நூலகர்களே, உங்கள் முன் வைக்கப்படும் கோரிக்கை இதுவே. நூலகத்தில் கூட்டம் குறைந்திருக்கும் ஒரு நாளைத் தேர்ந்து, வாரத்தில் இரண்டு மணி நேரத்தை முதியோர் கணினிக் கல்விக்கென நிலையாக ஒதுக்குங்கள். அந்த நாளையும் நேரத்தையும் நாளிதழ் மேசையின் மீதே பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். இரண்டே பேர் வந்தாலும் வகுப்பை நிறுத்தாதீர்கள். அவ்விருவரும் அடுத்த மாதம் நால்வரை அழைத்து வருவார்கள். எத்தனை பேர் வந்தார்கள், எதைக் கற்றார்கள், எதில் தடுமாறினார்கள் என்பதைப் பதிவேட்டில் குறித்து, மாவட்ட நூலக அலுவலருக்கும் நூலக ஆணைக்குழுவுக்கும் மாதந்தோறும் அனுப்புங்கள். கணினியும் இணையமும் ஆளும் கேட்டு வாதாடுவதற்கு அப்பதிவேட்டைவிட வலுவான சான்று உங்களுக்குக் கிடைக்காது.

சுமார் 4,600 பொது நூலகங்கள் இம்மாநிலத்தில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு இருபது முதியோருக்குக் கற்பித்தால், ஓராண்டில் தொண்ணூறாயிரம் பேருக்கு மேல் தம் கணக்கைத் தாமே பார்க்கவும், தம் சான்றைத் தாமே பெறவும், மோசடி அழைப்பைத் தாமே துண்டிக்கவும் வல்லவர்களாவார்கள். இதற்குப் புதிய சட்டமோ புதிய கட்டடமோ வேண்டியதில்லை. உங்கள் முடிவு ஒன்றே வேண்டும். வரும் வாரத்திலேயே முதல் வகுப்பைத் தொடங்குங்கள்.